இறாலுக்கொரு பாட்டு, காளைக்கொரு பாட்டு

எல்விஸ் பிரெஸ்லியின் ரசிகர்கள் நாலு பேர் கூடினால் சச்சரவு கிளம்புவது பெரும்பாலும் அவருடைய படப்பாடல்களை வைத்துத்தான். 1956 முதல் 1969 வரை 31 கதைப்படங்களில் நடித்தார். பாகவதர் காலத்துத் தமிழ்ப் படம் மாதிரிதான்: பாடுகிறவரே நாயகன், அவர் வாய் திறப்பதற்காகவே கதை. ‘சாரோ!’ போல, பெயர்கள் ஓடும்போது மட்டும் ஒரு பாட்டு பாடிவிட்டு அப்புறம் துப்பாக்கியோடு திரிந்த படம் விதிவிலக்கு.

இந்தப் பாடல்களில் எது பிடிக்கும், எது பிடிக்காது என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை, சொல்லத்தான் போகிறேன். ஆனால் பிடிக்காததற்கு ரசிகர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் இருக்கின்றனவே, அவற்றில் பாதி நிற்காது.

‘படத்துக்குப் பாடியதெல்லாம் குப்பை’

ராக் இசையைத் தீவிரமாகக் கேட்பவர்கள் இதை வேதவாக்குப் போலச் சொல்வார்கள். மெம்ஃபிஸ் சன் ஸ்டுடியோ ஒலிப்பதிவுகள் தங்கம், ஹாலிவுட் பித்தளை என்பது அவர்கள் கணக்கு. அப்படியானால் ‘ஜெயில்ஹவுஸ் ராக்’கை எந்தப் பக்கம் வைப்பது? அது 1957-ல் அதே பெயரில் வந்த படத்துக்காக எழுதப்பட்டது. அதை எழுதிய ஜெர்ரி லீபரும் மைக் ஸ்டாலரும் நியூயார்க்குக்கு வந்து ஊர் சுற்றிக்கொண்டிருந்தார்களாம். இசைப் பதிப்பாளர் ஜான் அபெர்பாக் அவர்கள் தங்கியிருந்த ஓட்டல் அறைக் கதவுக்கு முன்னால் சோபாவை இழுத்துப் போட்டு, பாட்டு கைக்கு வராமல் எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். ஒரே மூச்சில் நாலு பாட்டு பிறந்தது. இந்தக் கதையை அவர்கள் இருவருமே பலமுறை சொல்லியிருக்கிறார்கள்.

‘ரிட்டர்ன் டு செண்டர்’ 1962-ல் வந்த ‘கேர்ள்ஸ்! கேர்ள்ஸ்! கேர்ள்ஸ்!’ படப்பாட்டு. எழுதியவர்கள் ஓட்டிஸ் பிளாக்வெலும் வின்ஃபீல்ட் ஸ்காட்டும். பிளாக்வெல் ‘டோன்ட் பி க்ரூயல்’ எழுதியவர். சில்லறை ஆள் அல்ல. ‘லவ் மீ டெண்டர்’ முதல் படத்தின் பாட்டு. அதன் மெட்டு 1861-ல் வெளியான ‘ஆரா லீ’ என்ற பழைய பாட்டினுடையது. புதிய வரிகளை எழுதியவர் கென் டார்பி. ஆனால் தட்டில் அச்சானவை எல்விஸின் பெயரும் டார்பியின் மனைவி வேரா மேட்சனின் பெயரும். இந்தப் பெயர் விஷயத்தை ஓரமாக நினைவில் வையுங்கள்; கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

‘கான்ட் ஹெல்ப் ஃபாலிங் இன் லவ்’ சங்கதி இன்னும் வேடிக்கை. உலகம் முழுக்கக் கல்யாண வரவேற்புகளில் ஒலிக்கும் பாட்டு அது. 1961-ன் ‘ப்ளூ ஹவாய்’ படத்தில் நாயகன் அதை நாயகியைப் பார்த்துப் பாடுவதாகத்தான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் பாடுவது நாயகியின் பாட்டிக்கு. பிறந்தநாள் பரிசாக ஒரு இசைப்பெட்டியைக் கொடுத்து, அதன் இசையோடு சேர்ந்து பாடுகிறார். மெட்டின் வேர் 18-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுப் பாடலான ‘ப்ளேசிர் தமூர்’. 1970களில் எல்விஸ் மேடை நிகழ்ச்சிகளை முடித்ததும் பெரும்பாலும் இந்தப் பாட்டில்தான். படத்துக்குப் பாடியதை அவரே தூக்கி எறியவில்லை.

‘நல்ல பாட்டு எழுத ஆள் கிடைக்கவில்லை’

ஆள் இருந்தார்கள். பென் வைஸ்மன் என்ற ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்வோம். அவர் எழுதியவற்றில் எல்விஸ் பதிவு செய்தவை 57. ‘கிங் க்ரியோல்’ (1958) படத்தின் தொடக்கத்தில் வரும் ‘க்ராஃபிஷ்’, வைஸ்மனும் ஃப்ரெட் வைஸும் சேர்ந்து செய்தது. நியூ ஆர்லியன்ஸ் தெருவில் ஒரு பெண் நன்னீர் இறால் விற்றுக்கொண்டு போகிறாள். பாடும் குரல் கிட்டி வைட்டுடையது. மாடியிலிருந்து எல்விஸ் அதே ராகத்தில் எதிர்க்குரல் கொடுக்கிறார். இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. அவருடைய படப்பாடல்களில் ஒன்றே ஒன்றை வைத்துக்கொள் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

அதே வைஸ்மன்தான் 1965-ன் ‘கேர்ள் ஹேப்பி’ படத்துக்கு ‘டூ த க்ளாம்’ எழுதினார். சிப்பி பெயரில் ஒரு நடனத்தைக் கிளப்பிவிடப் பார்த்த பாட்டு, நடனம் கிளம்பவேயில்லை. 1968-ன் ‘ஸ்டே அவே, ஜோ’வுக்கு ‘டொமினிக்’ எழுதியதிலும் அவர் கை உண்டு. பசுக்களைக் கண்டும் காணாமல் நிற்கும் ஒரு காளையிடம் நாயகன் நியாயம் கேட்கிற பாட்டு அது. எல்விஸ் உயிரோடு இருந்தவரை ‘டொமினிக்’ இசைத்தட்டில் வரவில்லை. அதை வெளியே விடவே கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள். கேட்டிருந்தால் வியப்பில்லை.

ஒரே கை இப்படி இரண்டு கோடிக்கும் போவது எப்படி? விடை கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. எல்விஸ் பாடவேண்டுமென்றால் பாட்டின் பதிப்புரிமை ஹில் அண்ட் ரேஞ்ச் நிறுவனத்தோடு சேர்ந்து நடந்த இரண்டு கம்பெனிகளில் ஒன்றுக்குப் போகவேண்டும்: எல்விஸ் பிரெஸ்லி மியூசிக் அல்லது அவர் அம்மா பெயரிலான க்ளாடிஸ் மியூசிக். அதற்கு மேல் எழுதியவர்கள் தங்கள் உரிமைத்தொகையிலும் ஒரு பங்கை விட்டுக்கொடுப்பது வழக்கம். ‘லவ் மீ டெண்டர்’ தட்டில் எல்விஸின் பெயர் ஏறியது நினைவிருக்கிறதா? ஐம்பதுகளில் எல்விஸ் தட்டு லட்சக்கணக்கில் விற்றபோது யாரும் முனகவில்லை. அறுபதுகளில் பீட்டில்ஸும் டிலனும் தங்கள் பாட்டைத் தாங்களே எழுதிப் பாடத் தொடங்கிய பிறகு, நல்ல சரக்கு வைத்திருந்தவன் ஏன் பங்கு கொடுக்கவேண்டும்? லீபரும் ஸ்டாலரும் மேலாளர் கர்னல் டாம் பார்க்கரோடு ஒத்துப்போக முடியாமல் விலகினார்கள். அதன்பின் படங்களில் வந்த அவர்களுடைய பாட்டுகள், ‘லிட்டில் ஈஜிப்ட்’, ‘போசா நோவா பேபி’ மாதிரி, ஏற்கெனவே வேறு குழுக்கள் பாடியவை. எழுபதுகளில் டாலி பார்ட்டனிடமும் ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’வின் பதிப்புரிமையில் பாதி கேட்டார்கள். அவர் மறுத்துவிட்டார், எல்விஸ் அதைப் பாடவில்லை.

மிஞ்சியவர்கள் ஒப்பந்த எழுத்தாளர்கள். திரைக்கதையின் படி வரும்; எந்தப் பக்கத்தில் பாட்டு என்று குறித்திருக்கும். படகில் இறால் பிடிக்கிறார் என்றால் இறால் பாட்டு, வருமானவரி அலுவலகத்துக்குப் போகிறார் என்றால் வரிப் பாட்டு. ஒரே இடத்துக்குப் பல குழுக்கள் மாதிரிப் பதிவு அனுப்பும், ஒன்று தேறும். 1964 முதல் 1969 வரை வருஷத்துக்கு மூன்று படம். இந்த வேகத்தில் யார் எழுதினாலும் இப்படித்தான் எழுதியிருப்பார்கள்.

‘படங்கள் ஓடவில்லை’

ஓடின. அதுதான் கேடு. 1960-ன் ‘ஃப்ளேமிங் ஸ்டார்’ டான் சீகல் இயக்கியது. அதில் பாட்டுக்கு அதிக இடமில்லை. அடுத்து வந்த ‘வைல்ட் இன் த கன்ட்ரி’க்குத் திரைக்கதை எழுதியவர் நாடகாசிரியர் க்ளிஃபர்ட் ஓடெட்ஸ். இரண்டும் எதிர்பார்த்த பணம் தரவில்லை. கடற்கரை, பெண்கள், 14 பாட்டு என்று வந்த ‘ப்ளூ ஹவாய்’யின் தட்டு பில்போர்ட் பட்டியலில் 20 வாரம் முதலிடத்தில் உட்கார்ந்தது. கர்னல் பார்க்கருக்கு அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. எல்விஸ் படங்களில் ஒன்பதைத் தயாரித்த ஹால் வாலிஸும் அதே கணக்கைத்தான் போட்டார்.

‘அந்த வருஷங்களில் குரல் போய்விட்டது, ஆர்வமும் போய்விட்டது’

இதுதான் இருப்பதிலேயே பெரிய தப்பு.

1966 மே மாதம் எல்விஸ் நாஷ்வில்லில் ஆர்.சி.ஏ. ஸ்டுடியோவுக்குள் போனார். படத்துக்காக அல்ல, ‘ஹௌ க்ரேட் தௌ ஆர்ட்’ என்ற பக்திப்பாடல் தொகுப்புக்காக. தலைப்புப் பாட்டில் அடித்தொண்டையில் தொடங்கி அவர் மேலே ஏறுகிற இடத்தைக் கேட்டால், நம்பிக்கை இருக்கிறவர் இல்லாதவர் எல்லோரும் ஒரு கணம் நிற்பார்கள். அவருக்கு முதல் கிராமி விருது அந்தத் தொகுப்புக்குத்தான் கிடைத்தது. அதே பதிவு நாட்களில் பாப் டிலனின் ‘டுமாரோ இஸ் எ லாங் டைம்’ பாட்டையும் பாடி வைத்தார்.

அடுத்த மாதம், ஜூனில், ‘டபுள் ட்ரபுள்’ படத்துக்காக அவரைப் பாடவைத்தது ‘ஓல்ட் மெக்டொனால்ட்’. ஆமாம், எல்.கே.ஜி. குழந்தைகள் வாத்து, கோழி, பன்றி மாதிரிக் கத்தும் அதே பாட்டுத்தான். லாரியின் பின்புறத்தில் உட்கார்ந்துகொண்டு, 31 வயது மனிதர், உலகம் அறிந்த பாடகர், பண்ணை விலங்குகளின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறார். எனக்குப் பிடிக்காத பாட்டுகளில் இதற்கே முதலிடம். ஆனால் காது கொடுத்துக் கேளுங்கள்: குரலில் ஒரு குறையும் இல்லை. மே மாதத்துக் குரல் ஜூனில் எங்கே போகும்?

அதையும் விட மனசைச் சங்கடப்படுத்துவது ‘யோகா இஸ் ஆஸ் யோகா டஸ்’. 1967-ல் வந்த ‘ஈஸி கம், ஈஸி கோ’ படத்தில், யோகா ஆசிரியையாக வரும் எல்சா லான்செஸ்டரோடு சேர்ந்து அவர் பாடுவது. கை கால் முறுக்கிக்கொள்வதைக் கிண்டல் செய்யும் பாட்டு, கிண்டலும் சுகமில்லை. இந்தியர்கள் கோபித்துக்கொள்ளவேண்டும் என்று சொல்ல வரவில்லை. அந்தச் சமயத்தில் எல்விஸே இந்த விஷயங்களில் ஆழ்ந்திருந்தார் என்பதுதான் உறுத்தல். 1964-ல் முடி திருத்த வந்த லாரி கெல்லர் கொடுத்த புத்தகங்களில் பரமஹம்ச யோகானந்தரின் ‘ஒரு யோகியின் சுயசரிதம்’ அவரைப் பிடித்துக்கொண்டது. கலிஃபோர்னியாவில் யோகானந்தரின் அமைப்பை நடத்திவந்த தயா மாதாவைத் தேடிப் போய்ப் பார்த்தார். மெம்ஃபிஸ் வீட்டில் தியானத் தோட்டம் ஒன்றே அமைத்தார். இன்று அவர் சமாதி அங்கேதான். இந்த மனிதரிடம் போய் இந்தப் பாட்டை நீட்டியிருக்கிறார்கள். ஆர்வம் போய்விட்டது என்று அவரைக் குறை சொல்வதற்கு முன்னால் இதையும் பார்க்கவேண்டாமா?

‘படத்தின் தட்டில் படத்தின் பாட்டுத்தானே இருக்கும்’

இந்த எண்ணத்தால் நல்ல பாட்டுகளைத் தவறவிட்டவர்கள் ஏராளம். மேலே சொன்ன டிலன் பாட்டு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடுவது, அறுபதுகளில் எல்விஸ் பாடியவற்றில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று. அதை எங்கே வைத்தார்கள்? ‘ஸ்பின்அவுட்’ என்ற கார் பந்தயப் படத்தின் தட்டில், இடம் நிரப்ப, கடைசிப் பக்கம். படத்தில் அது கிடையாது. ‘டிக்கிள் மீ’ (1965) இதற்கு நேரெதிர்: செலவை மிச்சம் பிடிக்கப் புதுப் பாட்டே போடாமல், முன்பு பதிவு செய்திருந்தவற்றை அள்ளிப் படத்தில் ஒட்டிவிட்டார்கள். அதனாலேயே அந்த வருஷத்துப் படங்களில் காதுக்கு இதமானது அதுதான்.

‘விவா லாஸ் வேகஸ்’ (1964) நிலைமை வேறு. ஆன்-மார்கரெட்டுக்கும் எல்விஸுக்கும் திரையில் பற்றிக்கொண்ட தீயை அவருடைய வேறெந்தப் படத்திலும் காணமுடியாது. அந்தப் படத்துக்கு முழுநீளத் தட்டே வரவில்லை. நாலு பாட்டு கொண்ட சின்னத் தட்டு ஒன்று, தனியாக இன்னொன்று. இருவரும் நீச்சல்குளத்துப் பக்கம் சீண்டிக்கொண்டு பாடும் ‘த லேடி லவ்ஸ் மீ’ எல்விஸ் காலத்தில் தட்டில் வரவில்லை. நாயகி மிஞ்சிவிடக் கூடாதென்று கர்னல் குறுக்கே விழுந்தார் என்பது பரவலான பேச்சு. அவரை அறிந்தவர்கள் எளிதில் நம்புவார்கள். தலைப்புப் பாட்டு அமெரிக்கப் பட்டியலில் 29-ஆம் இடத்தோடு நின்றது. இன்று அந்த ஊரின் தேசிய கீதமே அதுதான்.

பட்டியல் இடம் என்ன சொல்லும், என்ன சொல்லாது என்பதற்கு இன்னொன்று. 1968-ல் ‘லிவ் எ லிட்டில், லவ் எ லிட்டில்’ படத்தில் வந்த ‘எ லிட்டில் லெஸ் கான்வர்சேஷன்’ 69-ஐத் தாண்டவில்லை. 2002-ல் ஹாலந்து நாட்டு இசைக்காரர் ஜே.எக்ஸ்.எல். அதைக் கலக்கி, உலகக் கோப்பைக் கால்பந்து விளம்பரத்தில் போட்டார்கள். பிரிட்டனில் முதலிடம்.

புதிதாகக் கேட்கப் போகிறவர் ‘க்ராஃபிஷ்’ஷில் தொடங்கலாம். பிறகு டாக் போமஸும் மார்ட் ஷூமனும் எழுதிய ‘ஐ நீட் சம்பாடி டு லீன் ஆன்’. நள்ளிரவுக் குரல், ‘விவா லாஸ் வேகஸ்’ படத்தின் சத்தத்துக்கு நடுவில் யாரும் கவனிக்காமல் கிடப்பது. டான் ராபர்ட்சனின் ‘தே ரிமைண்ட் மீ டூ மச் ஆஃப் யூ’, 1963-ல் ஒரு தட்டின் பின்பக்கமாக வந்தது. ‘ப்ளூ ஹவாய்’யில் ஜெயில் கம்பிக்குப் பின்னால் வரும் ‘பீச் பாய் ப்ளூஸ்’. அதே படத்தில் ஒரு தின்னிப்பண்டாரத்தைக் கேலி செய்யும் ‘ஈட்டோ ஈட்ஸ்’ஸையும் எழுதியது அதே சிட் டெப்பர், ராய் பென்னட் ஜோடிதான், அதைத் தாண்டிப் போய்விடலாம். ‘பாரடைஸ், ஹவாயியன் ஸ்டைல்’ படத்துப் பப்பாளிப் பாட்டுக்கும் இதுவே என் யோசனை.

‘சாங் ஆஃப் த ஷ்ரிம்ப்’ பற்றி மட்டும் எனக்கு ஊரோடு ஒத்துப்போக முடியவில்லை. மோசமான பாட்டுகளின் பட்டியல் எதிலும் இது தவறாது இடம்பிடிக்கும். ஓசியில் படகுப் பயணம் என்று நம்பி, அப்பா அம்மாவிடம் விடைபெற்றுக்கொண்டு கிளம்பும் ஓர் இறாலின் கதை. எழுதியதும் அந்த டெப்பர், பென்னட்தான். வரிகளைப் படித்தால் சிரிப்பு வரும். ஆனால் எல்விஸ் கண் சிமிட்டாமல், அந்த இறால் தன் சொந்தக்காரன் என்பது போலப் பாடியிருக்கிறார். சிரித்துக்கொண்டே போட்டால்கூட, இரண்டாம் தடவை கேட்கும்போது அந்த இறாலுக்காகக் கொஞ்சம் கவலையாகத்தான் இருக்கிறது.