படமும் படியும்

ஓவியன் தீட்டிய ஓவியம் உலகில் ஒன்றே உண்டு. அதனை வாங்கியவன் இல்லத்தில் இருப்பது பிறன் இல்லத்தில் இராது. புகைப்படமோ அத்தகையதன்று. ஒரே நெகட்டிவிலிருந்து பத்துப் படிகளும் எடுக்கலாம். ஆயிரம் படிகளும் எடுக்கலாம். ஆதலின், புகைப்படத்தைக் கலைப்பொருளாகக் கருதி விலை கொடுத்து வாங்குவோர், ‘இஃது எவர் எடுத்த படம்?’ என்று வினவுவதோடு அமைதல் கூடாது. ‘இஃது எத்தகைய படி?’ என்றும் வினவுதல் வேண்டும்.

படிக்குப் படி வேறுபாடு உண்டோ எனின், உண்டு. அமெரிக்கக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் 1941ஆம் ஆண்டு, நியூ மெக்சிகோ மாநிலத்து எர்னாண்டெஸ் என்னும் சிற்றூரின்மேல் நிலவு எழுந்த காட்சியைப் படம் பிடித்தார். அந்த ஒரு நெகட்டிவிலிருந்து பல்லாண்டுகளாக நூற்றுக்கணக்கான படிகளை ஆக்கினார். முதலில் ஆக்கிய படிகளில் வானம் சற்றே வெளிறி, மேகக் கீற்றுகள் தோன்றும். பிற்காலப் படிகளில் வானம் காரிருளாய்க் கறுக்க, நிலவு தனித்து விளங்கும். காட்சி ஒன்றே, கலைஞரும் ஒருவரே, படிகளோ வேறு வேறு.

படம் எடுத்த காலத்தை ஒட்டிக் கலைஞர் தாமே ஆக்கிய படிக்கு மதிப்பு மிகுதி. பின்னாளில் பிறர் ஆக்கிய படிக்கு அத்துணை மதிப்பு இல்லை. மதிப்பு மிக்க இடத்தில் வஞ்சனையும் நுழையும் அன்றோ?

லூயிஸ் ஹைன் என்பார் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்து வாடிய அமெரிக்கச் சிறுவர்களைப் படம் பிடித்து, அக்கொடுமையை நாட்டுக்கு உணர்த்திய பெரியார். வறுமையுற்ற நிலையில் 1940ஆம் ஆண்டு மறைந்தார். பிற்காலத்தில் அவர் படங்கள் பெருவிலை பெற்றன. அவர் தம் காலத்திலேயே ஆக்கியவை என்று விற்கப்பட்ட படிகள் சிலவற்றைப் பற்றி 1990களின் இறுதியில் ஐயம் எழுந்தது. ஆய்வாளர் அவற்றின்மீது புற ஊதாக் கதிரைச் செலுத்தினர். தாள் நீல ஒளி வீசிற்று. தாளுக்கு வெண்மை ஊட்டும் வேதிப்பொருளே அவ்வொளிக்குக் காரணம். அப்பொருளைப் புகைப்படத் தாளில் சேர்க்கும் வழக்கமோ 1950களில்தான் பரவியது. 1940இல் மறைந்தவர் அத்தாளில் படி எடுத்தல் எங்ஙனம் இயலும்? மனிதர் மறைத்ததைத் தாள் உரைத்துவிட்டது.

ஆகவே, வாங்குவோர் கருத வேண்டியவை சில உள. படியை ஆக்கியவர் யார், ஆக்கிய ஆண்டு யாது, இதற்கு முன் எவரிடம் இருந்தது என்பவற்றை எழுத்தில் பெறுதல் வேண்டும். ‘3/25’ என்று குறித்திருப்பின், இருபத்தைந்து படிகளுள் அது மூன்றாவது என்பது பொருள். வேறு அளவுகளிலும் படிகள் உளவோ என்று கேட்டறிதல் நலம். தாளும் மையும் நெடுங்காலம் நிலைப்பவையா என்றும் ஆராய்தல் வேண்டும். வாங்கிய பின்னும் காத்தல் கடனே. வெயில் படும் சுவரில் மாட்டினால் நிறம் மங்கும். அமிலம் கலந்த அட்டையோடு சட்டமிட்டால் தாள் பழுக்கும். கண்ணாடியைத் தொட்டவாறு வைத்தால் படம் அதில் ஒட்டிக்கொள்ளும்.

பிற்காலப் படியை வாங்குதல் இழிவோ எனின், அன்று. பிற்காலப் படி என்று மெய்கூறி, அதற்கு ஏற்ற விலைக்கு விற்பின், அதனை மகிழ்ந்து வாங்கலாம். பொய்யே இழிவு, படி இழிவன்று. மற்றும், நாள்தோறும் கண்டாலும் சலிப்புத் தாராத படத்தையே தேர்தல் வேண்டும். விலை ஏறும் என்று மட்டும் எண்ணி வாங்கியவன், விலை இறங்கிய நாளில் இரண்டையும் இழப்பான்.

பொருளில்லாதார்க்கும் கலை உரியதே. ஹைன் குழந்தைத் தொழிலாளரைக் காட்டிய படங்களுள் ஐயாயிரத்துக்கு மேற்பட்டவை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் காக்கப்பட்டு வருகின்றன. அவற்றைக் காண்பதற்குக் காசு வேண்டியதில்லை. அச்சிறுவர் முகங்களை நின்று நோக்கும் நெஞ்சமே வேண்டும்.