ஓடுபாதையில் ஒரு கோடு

ஹல்துமுல்லையின் மலைவிளிம்பில் நின்று தெற்கே நோக்குவோர்க்கு, ஊவாவின் மலைகள் முடிந்து தாழ்நிலம் விரிந்து கிடப்பது புலனாகும். அத்தாழ்நிலத்தில், அம்பாந்தோட்டை மாவட்டத்து மத்தலையில், 2013 ஆம் ஆண்டு மார்ச் மாதம் சர்வதேச விமானநிலையம் ஒன்று திறக்கப்பெற்றது. 3,500 மீற்றர் நீளமான அதன் ஓடுபாதையின் ஒரு தலையில் 05 என்றும், மறுதலையில் 23 என்றும் எழுதப்பட்டுள்ளன. இவை வெறும் வரிசை எண்கள் அல்ல. காந்தத் திசைமானி காட்டும் பாகையைப் பத்தால் வகுத்துப் பெற்றவை. 05 என்பது ஏறத்தாழ 50 பாகை; 23 என்பது 230 பாகை.

இவ்வாறே ஓடுபாதையில் தீட்டப்படும் ஒவ்வொரு குறியும் விமானிக்கு ஒரு சொல்லாகும். அச்சொற்களின் இலக்கணத்தைச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் 1951 இல் முதன்முதல் வகுத்தது. ஓடுபாதைக்கு வெள்ளை, கிளைப்பாதைக்கு மஞ்சள். ஓடுபாதை 45 மீற்றர் அகலமாயின் அதன் தலைவாயிலில் 12 பட்டைகள். 60 மீற்றராயின் 16. கிளைப்பாதை ஓடுபாதையை அணுகுமிடத்தில் இரண்டு முழுக்கோடுகளும் இரண்டு விடுகோடுகளும் அருகருகே அமையும். முழுக்கோட்டுப் பக்கமாக வருபவர் உத்தரவின்றித் தாண்டலாகாது. வரைபவன் பக்கத்தை மாற்றிவிட்டால் கட்டளையே தலைகீழாகிவிடும்.

தோட்டத்தில் தேயிலைக் கன்று நடுமுன் கயிறு பிடித்து முளையடிப்பதை நாம் கண்டிருக்கிறோம். ஓடுபாதையிலும் முதல் வேலை அதுவே. அளவு சரியாயினும் தூசியும் ஈரமும் உள்ள தளத்தில் வர்ணம் ஒட்டாது. பனி படியும் வேளையில் பூசியது விரைவில் உரியும். இரவில் ஒளியைத் திருப்பி அனுப்புவதற்காக ஈர வர்ணத்தின்மேல் நுண்ணிய கண்ணாடி மணிகள் தூவப்படும். ஒவ்வொரு மணியும் பாதியளவு, அல்லது அதற்குச் சற்று மிகுதியாகப் பதிதல் வேண்டும். மிக ஆழ்ந்தால் ஒளிராது. மேலோடு நின்றால் சக்கரம் பட்டு உதிரும். பழைய கோட்டைச் சுரண்டி அகற்றாது கறுப்புப் பூசி மறைத்தால், மழையிரவில் அது மீண்டும் தோன்றி விமானியை மயக்கக்கூடும்.

இவையெல்லாம் சிறு விடயங்களா? 2000 ஆம் ஆண்டு ஒக்டோபர் 31 ஆம் திகதி இரவு, தாய்வானின் தாய்பே நகர விமானநிலையத்தில், புயல் மழையினூடே சிங்கப்பூர் விமானம் ஒன்று புறப்பட்டது. இடப்புறத்து 05 ஆம் ஓடுபாதைக்குச் செல்லவேண்டிய அது, அதற்கு இணையாகக் கிடந்த வலப்புறத்து 05 ஆம் ஓடுபாதையிற் புகுந்தது. அதன் ஒரு பகுதி திருத்தவேலைக்காக மூடப்பட்டிருந்தது. அங்கு நின்ற வேலை இயந்திரங்களில் விமானம் மோதியது. 179 பேரில் 83 பேர் மாண்டனர்.

தாம் நின்ற பாதை எதுவென விமானிகள் சரிபார்க்கத் தவறியமை விசாரணையில் வெளியாயிற்று. அத்துடன் வேறொன்றும் வெளியாயிற்று. சரியான பாதைக்கு அழைத்துச் செல்லவேண்டிய மஞ்சள் நடுக்கோடு, தவறான ஓடுபாதையின் தலைவாயிற் குறிக்கு 12 மீற்றர் முன்னே நின்று, அதற்கு 12 மீற்றர் அப்பால் மீண்டும் தொடங்கியது. மூடிய பாதையின் அந்த வாயிலில், மூடப்பட்டது என உணர்த்தும் குறியோ தடையோ இருக்கவில்லை. கோடு மட்டும் அவ்விபத்தை விளைத்ததென்று கூறுவது நீதியன்று. ஆயினும் மனிதன் தடுமாறிய வேளையில் அவனைத் தடுத்து நிறுத்தவேண்டிய கோடு அங்கே பேசவில்லை.

மாணவ நண்பர்களே! கோடு தீட்டியவனை விமானி ஒருகாலும் காண்பதில்லை. அவன் முகமறியாமலே அவன் அளவை நம்பி, நூற்றுக்கணக்கான உயிர்களைத் தன் பொறுப்பிற் கொண்டு செல்கிறான். உங்களுட் சிலர் நாளை நில அளவையாளராகவும் பொறியியலாளராகவும் ஆகலாம். சிலர் கையில் தூரிகையே கிடைக்கலாம். எவ்வேலையாயினும், காணாத ஒருவர் அதை நம்பி நடப்பார் என்ற நினைவுடன் மறுமுறை அளந்து பாருங்கள்.