செவிக்கு இசைந்த திரைவாசிப்பான் குரல்

பார்வையற்றோர் கணினியைக் கையாள உதவும் என்விடிஏ என்னும் இலவசத் திரைவாசிப்பானுடன் சேர்ந்தே வரும் ஈஸ்பீக் குரலின் உலோகத் தொனியைக் கேட்ட மாத்திரத்தில், அதை ஒதுக்கிவிட நினைப்பது சகஜமே. ஆயினும், அதிவேகத்திலும் சொற்கள் சிதையாமல் ஒலிக்கும் விசேஷ குணம் அதற்கு உண்டாதலால், சில வாரங்கள் பழகிய பின்னர்த் தீர்மானிப்பதே உசிதம்.

இன்ஸர்ட், கன்ட்ரோல், வி ஆகிய விசைகளை ஒருசேர அழுத்தினால் திறக்கும் பேச்சு அமைப்புகளில் குரல், வேகம், சுருதி, ஏற்ற இறக்கம் யாவற்றையும் மாற்றலாம். வேகத்தை ஒரே நாளில் உச்சத்துக்கு ஏற்றாமல், கேட்பது சிரமமின்றி விளங்க விளங்கச் சிறிது சிறிதாகக் கூட்டுக. நிறுத்தற்குறிகள் ஒவ்வொன்றும் உச்சரிக்கப்படுவது கதை படிப்போருக்கு உபத்திரவமாகவும், நிரல் எழுதுவோருக்கு அதுவே அத்தியாவசியமாகவும் இருப்பதால், இன்ஸர்ட்டுடன் பி விசையை அழுத்தி வேண்டிய அளவைத் தேர்ந்துகொள்ளலாம். இந்த மாற்றங்களை ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனியே வகுத்து வைக்கும் வசதியும் உண்டு, பலர் அதைத் தொடுவதே இல்லை என்பதுதான் விசாரம். தவறாக ஒலிக்கும் பெயர்களைப் பேச்சு அகராதியில் திருத்தலாம்.

மின்வெட்டுக்கு அஞ்சுவோர், மாற்றங்களைச் செய்தவுடனேயே இன்ஸர்ட், கன்ட்ரோல், சி விசைகளை அழுத்திச் சேமித்துக்கொள்க.