உலோகத்தின் சாட்சி

நுழையும்முன்

பூவா தலையா என்று சுண்டி எறியும் நாணயத்தை நாம் உற்றுப் பார்ப்பதில்லை. பிழையாக அச்சிடப்பட்ட நாணயத்திற்குச் சேகரிப்பாளர் மிகுந்த விலை கொடுப்பர் என்று கேள்விப்பட்டதும், கையிலுள்ள ஒவ்வொரு கீறலும் புதையலாகத் தோன்றுகிறது. நாணயச்சாலைக்குள் நேர்ந்தது பிழை. அதைவிட்டு வெளியேறிய பின் நேர்ந்தது சிதைவு. இவ்விரண்டையும் பிரித்தறியும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

வில்லை நாணயமாதல்

சென்னையின் தங்கசாலைத் தெரு, அங்கு முன்னர் நாணயச்சாலை இருந்ததைத் தன் பெயரால் நினைவூட்டுகிறது. இன்று மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா ஆகிய நான்கு இடங்களில் நம் நாணயங்கள் அச்சாகின்றன. உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகள் வெட்டப்படுகின்றன. அவற்றின் ஓரத்தை அழுத்தி விளிம்பு உயர்த்தப்படுகிறது. பின்னர் வில்லை ஒரு வளையத்தினுள் அமர்ந்து, மேலும் கீழுமாக உள்ள இரண்டு எஃகு அச்சுகளுக்கு இடையே நசுங்கி நாணயமாகிறது.

இந்த வரிசையை மனத்தில் கொண்டவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். வெட்டும் கருவி முன்பே வெட்டிய துளையின்மீது விழுந்தால், வில்லை பிறைபோல் கடிபட்டு வெளிவரும். ஓரம் அழுத்தப்படும்போது கடிபட்ட இடத்தில் எதிர்ப்பு இராது. ஆகவே அதற்கு நேர் எதிர்ப்புறத்து விளிம்பும் பெரும்பாலும் மங்கியிருக்கும். எவரோ பின்னாளில் வெட்டிய நாணயத்திலோ எதிர்விளிம்பு கூர்மையாகவே இருக்கும். வெட்டியவர் இதனை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்.

மேடும் பள்ளமும்

அச்சில் பள்ளமாக இருப்பது நாணயத்தில் மேடாகும். எனவே அச்சில் விரிசல் கண்டால் அது நாணயத்தில் புடைத்த கோடாகத் தோன்றும். நாணயத்தின்மீது விழுந்த கீறலோ உட்குழிந்திருக்கும். அதன் இருபுறமும் உலோகம் ஒதுங்கி நிற்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் பக்கவாட்டில் விழும் ஒளியும் இதனைக் காணப் போதும்.

மற்றொரு சோதனைக்குக் கருவியே வேண்டா. ஒரு ரூபாய் நாணயத்தை நேராகப் பிடித்து, புத்தகத்தின் தாளைப் புரட்டுவதுபோல் இடவலமாகத் திருப்புங்கள். பின்பக்கமும் நேராக நிற்கும். அது சாய்ந்தோ தலைகீழாகவோ நின்றால், அச்சு திரும்பிவிட்ட பிழை எனக் கருதலாம்.

ஆண்டெண்ணின் கீழுள்ள சிறு குறியைப் பிழை என்று எண்ணி மகிழ்வோரும் உண்டு. வைரவடிவம் மும்பையையும், விண்மீன் ஐதராபாத்தையும், புள்ளி நொய்டாவையும் குறிப்பன. கொல்கத்தா நாணயத்தில் குறி இராது. பத்து ரூபாய் நாணயம் பல வடிவங்களில் இருப்பதும் பிழையன்று. பதினான்கு வடிவங்களும் செல்லும் என இந்திய ரிசர்வ் வங்கி 2018 சனவரியில் அறிவித்தது. அதன் பின்னரும் கடைகளில் வாக்குவாதம் ஓயவில்லை என்பது வேறு செய்தி.

மூன்று கால் காட்டெருமை

பிழை நாணயங்களுள் உலகப் புகழ்பெற்றது, அமெரிக்காவின் டென்வர் நாணயச்சாலையில் 1937ஆம் ஆண்டு உருவான ஐந்து சென்ட் காசு. அதன் பின்பக்கத்துக் காட்டெருமைக்கு மூன்று கால்களே உள்ளன. வில்லை இடையில் இல்லாமல் இரண்டு அச்சுகளும் மோதிக்கொண்டால், ஒன்றன் வடிவம் மற்றொன்றில் பதிந்துவிடும். அவ்வடுவை நீக்க அச்சைத் தேய்த்தவர் அளவு மீறித் தேய்த்ததால், முன்னங்கால் ஒன்று மறைந்தது. குளம்பு மட்டும் எஞ்சியது.

நான்கு கால் காசில் ஒரு காலைச் சுரண்டிவிட்டு விற்போர் விரைவில் தோன்றினர். ஆனால் உண்மையான காசில் விலங்கின் வயிற்றிலிருந்து தரை நோக்கிச் சிறு புடைப்புகள் வரிசையாக இறங்குகின்றன. அவை அச்சின் பள்ளங்களால் உண்டானவை. சுரண்டும் கருவியால் உலோகத்தைக் குறைக்க இயலும்; அத்தகைய புடைப்பை எழுப்ப இயலாது.

காந்தமும் தராசும்

இரண்டாம் உலகப்போரில் செம்பு பிற தேவைகளுக்கு வேண்டியிருந்ததால், 1943இல் அமெரிக்க ஒரு சென்ட் காசு துத்தநாகம் பூசிய எஃகில் அச்சிடப்பட்டது. எனினும் எஞ்சிக் கிடந்த செம்புக்கலவை வில்லைகள் சில எந்திரத்தில் புகுந்துவிட்டன. அவை இன்று பெரும்விலை பெறுகின்றன. எஃகுக் காசுக்குச் செம்புப்பூச்சு இட்டு ஏமாற்றுபவரைக் காந்தம் காட்டிக்கொடுக்கும். ஆனால் 1948ஆம் ஆண்டுக் காசில் எட்டின் இடப்பக்கத்தை அரத்தால் தேய்த்து மூன்றாக்கினால், காந்தம் வாய் திறவாது. அக்காசு செம்புக்கலவையே அல்லவா? அங்கே எண்ணின் வடிவத்தையும் தேய்ப்புத் தழும்பையும் நோக்க வேண்டும். ஒரு சோதனையோடு நிறைவடைபவர் ஏமாறுவது இங்குதான்.

எடையும் நல்ல சாட்சி. 2011ஆம் ஆண்டு வரிசையில் ஒரு ரூபாய் 3.79 கிராம், ஐந்து ரூபாய் 6 கிராம், பத்து ரூபாய் 7.71 கிராம். அமிலத்தில் இட்டு மெலிந்த நாணயம் இதில் பெரிதும் குறைந்து நிற்கும்.

பழைய நாணயங்களை வாங்கித் தருவதாகத் தன் பெயரைச் சொல்லிக் கட்டணமும் தரகும் கேட்போரைக் குறித்து ரிசர்வ் வங்கி 2021 ஆகத்தில் எச்சரித்தது. அவ்வணிகத்தில் தான் ஈடுபடுவதில்லை என்றும் தெளிவுபடுத்தியது.

விளிம்பில் ஒரு பெயர்

பதக்கத்தில் மதிப்பெண் இராது. அதைக் கொடுத்துப் பொருள் வாங்க இயலாது. அதனை ஆராய்பவர் முகப்பைவிட விளிம்பையே முதலில் நோக்குவர். முதல் உலகப்போருக்கான பிரித்தானியப் போர்ப் பதக்கம் வெள்ளியால் ஆனது. தொழிற்படையினர் பலருக்கு வெண்கலத்தில் வழங்கப்பட்டது. பெற்றவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை விளிம்பில் பதிக்கப்பட்டன. இந்தியப் படைவீரரும் இவற்றைப் பெற்றனர்.

பளபளப்புக்காகப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்தால் முதலில் மங்குவது இந்த நுண்ணெழுத்துகளே. நாணயமோ பதக்கமோ, காலம் படிய வைத்த நிறத்தை நீக்காதிருப்பதே சேகரிப்பாளர் மரபு. சில பதக்கங்களில் விளிம்பு அரத்தால் வழிக்கப்பட்டு, வேறு பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். வட்டமானியால் அளந்தால் அவ்விடத்தில் விட்டம் மயிரிழை குறைந்திருக்கும். அந்த மயிரிழைக்குள், போருக்குச் சென்ற ஒருவருடைய பெயர் இருந்தது.