பியானோச் சுருளும் பதிப்புரிமையும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டு இல்லங்களில் தானே இசைக்கும் பியானோ பெருவழக்காக இருந்தது. பதினொன்றேகால் அங்குல அகலத் தாள்சுருளில் துளைகள் இட்டிருப்பார்கள். காலால் மிதித்தால் துருத்தி காற்றை உறிஞ்சும். துளை வந்த இடத்தில் காற்று புகுந்து, அதற்குரிய கட்டையை இயக்கும். கறுப்பின மக்களிடையே தோன்றிய ராக்டைம் இசை இச்சுருள்களின் வழியேயும் நாடெங்கும் பரவிற்று. இடக்கைத் தாளம் ஒழுங்காக நடக்க, வலக்கை அதற்கு முந்தியும் பிந்தியும் தட்டிச் செல்வதே அவ்விசையின் அழகு.

அதன் தலைசிறந்த படைப்பாளர் ஸ்காட் ஜாப்ளின். அவருடைய 'மேப்பிள் லீஃப் ராக்' 1899இல் அச்சேறியது. அவர் 1917இல் மறைந்தார். கிராமபோன் தட்டு எதிலும் அவர் வாசிப்பு இல்லை. எஞ்சியவை 1916இல் அவர் பெயரில் வெளிவந்த ஏழு சுருள்கள்தாம். அவற்றுள் ஒன்று, தொலைந்ததென்று கருதப்பட்டு, 2006இல் நியூசிலாந்தில் அகப்பட்டது. இவற்றை மறுபதிப்பாக வெளியிடுவோர் "ஜாப்ளினே வாசித்தது" என்று உறையில் பொறிக்கும்போது, நாம் சற்றே நின்று கேட்க வேண்டியிருக்கிறது.

ஏனெனில் சுருள் என்பது ஒலிப்பதிவு அன்று. கலைஞர் வாசித்ததை நிறுவனத்தின் திருத்துநர் செப்பனிடுவார்; பிழை நீக்குவார்; பத்து விரலுக்கு எட்டாத சுரங்களையும் சேர்ப்பார். மேப்பிள் லீஃப் ராக்கிற்கே இரண்டு சுருள்கள் உண்டு. கானரைஸ்டு நிறுவனத்தது வழவழப்பாக ஓடுகிறது. யூனி-ரெகார்டு சுருளோ தடுமாறுகிறது. நோயுற்ற கையின் தடுமாற்றம் என்பர் சிலர். துளையிட்ட முறையின் குறை என்பர் வேறு சிலர். எனக்கு அத்தடுமாற்றமே அருமையானது. அதைத் திருத்தி வெளியிட்டால், அவர் கையின் சுவடாக இருக்கக்கூடிய ஒன்றையே அழித்தவர்களாவோம். வேகமும் அப்படியே. சுருளில் 70 என்றிருந்தால் தாள் நிமிடத்திற்கு ஏழு அடி நகர வேண்டும். மிகுந்தால் பாட்டே வேறாகிவிடும். வேகமாக வாசிக்கலாகாது என்று ஜாப்ளினே தம் அச்சுப் பிரதிகளில் எச்சரித்திருக்கிறார்!

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். துளைகளைக் கண்ணால் பார்த்து இசையாகப் படிக்க இயலாது. ஆகவே சுருள் இசைநூலின் நகல் அன்று என்று 1908இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே புதுச் சட்டம் வந்து, சுருள் ஒன்றுக்கு இரண்டு சென்ட் இசையமைப்பாளர் தரப்புக்குச் சேர வழி செய்தது. இன்று ஜாப்ளினின் அப்பழம்பாட்டுகள் யாவர்க்கும் பொது. ஆனால் பழஞ்சுருளைப் பியானோவில் ஓட்டி இன்று ஒருவர் ஒலிப்பதிவு செய்தால், அப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு.

நொறுங்கும் தாளை மாதக்கணக்கில் ஆராய்ந்து, துளைக்குத் துளை பிசகாமல் படியெடுத்தவரின் நிலை என்ன? உழைப்பு மட்டும் பதிப்புரிமை தராது, புதுமை வேண்டும் என்பது அந்நீதிமன்றம் 1991இல் வேறொரு வழக்கில் உறுதிசெய்த கொள்கை. அதன்படி உண்மையாகப் படியெடுத்தவருக்குத் துளைகளின்மேல் உரிமை இல்லை. சுரங்களைக் கூட்டி மாற்றியமைத்தவருக்கோ, தம் மாற்றத்தின்மேல் உரிமை கிடைக்கலாம். ஜாப்ளினுக்கு நெருங்கி நின்றவர் வெறுங்கையோடு போக, விலகிச் சென்றவர் பட்டா வாங்குகிறார்! சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. பொதுவானது பொதுவாகவே இருக்க அது வேண்டியதுதான். ஆயினும் எந்தச் சுருள், எந்த வேகம், எத்துளை மாற்றப்பட்டது என்ற மூன்று செய்திகளை உறையில் அச்சிடச் சட்டம் வரவேண்டியதில்லை. அவை அச்சிட்ட மறுபதிப்பையே நான் விலை கொடுத்து வாங்குவேன்.