நட்பு இருக்கும்போதே எழுதி வையுங்கள்

அன்புள்ள கயல்,

நண்பர்களோடு சேர்ந்து எழுதிய மென்பொருளைத் திறமூலமாக வெளியிடப் போகிறாய் என்று அக்கா சொன்னாள். பெருமையாக இருக்கிறது. ஆனால் பெயர் யாருக்கு, நிரல் யாருக்கு என்பதை நீங்கள் நால்வரும் முதலில் எழுத்தில் வைத்துவிட வேண்டும். "எங்களுக்குள் எதற்கு மாமா?" என்பாய். யுனிக்ஸ் பட்ட பாட்டைக் கேள்.

1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய இயங்குதளம் அது. பெர்க்லி பல்கலைக்கழகத்தார் அதில் ஏராளமாகச் சேர்த்தார்கள். எது யாருடையது என்று 1992-இல் இரு தரப்புக்கும் இடையே வழக்கு மூண்டது. தங்கள் பங்கைச் சொல்லாமல் மறைத்ததாகப் பல்கலைக்கழகமும் எதிர்வழக்குப் போட்டது. 1994-இல் சமரசமானபோது, சுமார் 18,000 கோப்புகளில் நீக்க வேண்டி வந்தவை மூன்றே மூன்று.

அதற்குள் யுனிக்ஸை வாங்கியிருந்த நோவெல், பெயரை எக்ஸ்/ஓப்பன் அமைப்புக்குக் கொடுத்தது. 1995-இல் வணிகத்தை எஸ்சிஓ நிறுவனத்துக்கு விற்றது. பதிப்புரிமை விற்பனையில் சேராது என்றது ஒப்பந்தம். மறுஆண்டு வந்த திருத்தமோ, வாங்கியவர் தம் உரிமையைப் பயன்படுத்தத் தேவையான பதிப்புரிமை மட்டும் சேரும் என்றது. எது தேவை என்று யாரும் எழுதவில்லை.

அந்த வணிகம் இன்னொரு கைக்கு மாறியது. எஸ்சிஓ குரூப் என்று பெயர் சூட்டிக்கொண்ட அந்த நிறுவனம், யுனிக்ஸ் நிரலை லினக்ஸ் என்ற திறமூல இயங்குதளத்தில் சேர்த்ததாக 2003-இல் ஐபிஎம் மீது வழக்குத் தொடுத்தது. லினக்ஸ் பயன்படுத்தும் நிறுவனங்களிடமும் உரிமக் கட்டணம் கேட்டது. பதிப்புரிமை எங்களிடமே இருக்கிறது என்றது நோவெல். 2010-இல் ஜூரியும் அதையே சொன்னது. ஐபிஎம் வழக்கு 2021 வரை இழுத்தது. எஸ்சிஓ குரூப் 2007-இலேயே திவாலுக்கு விண்ணப்பித்துவிட்டது.

லினக்ஸின் பெயரும் தப்பவில்லை. அதை உருவாக்குவதில் பங்கில்லாத ஒருவர் அமெரிக்காவில் வணிகக்குறியாகப் பதிந்துகொண்டார். வழக்காடித்தான் 1997-இல் அது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸிடம் வந்தது.

ஆகவே, கயல், பெயரும் நிரலும் தனித்தனிச் சொத்துகள் என்பதை மனத்தில் வை. ஒவ்வொரு கோப்பின் தலையிலும் எழுதியவர் பெயரும் உரிமமும் இருக்கட்டும். ஒருவர் விலகினால் என்ன, யாராவது விலைக்குக் கேட்டால் என்ன என்பதையும் எழுதுங்கள். எழுதியதை ஒவ்வொருவரும் தனியாகப் படித்து, தனக்குப் புரிந்ததைச் சொல்லட்டும். இரண்டு பேருக்கு இரண்டு பொருள் தோன்றினால் அந்த வரியை அன்றே மாற்றுங்கள். ஒருவரையொருவர் நம்பும் காலத்தில் அதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

அன்புடன்,
மாமா