கருதுகோள்

சென்னையில் கடைகளும் மாந்தரும் நெருங்கிய தியாகராய நகர், ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் நெடிய ஏரியாக விளங்கியது. 1920-களில் அவ்வேரியைத் தூர்த்து நகர் அமைத்தனர். ஏரிப் படுகையில் வண்டல் படிதல் இயல்பு. அங்கிருந்து கிழக்கே சென்றால் மெரினாக் கடற்கரையின் மணற்பரப்பைக் காணலாம். வண்டல், மணல் ஆகிய இரண்டனுள் எதில் மழைநீர் விரைந்து இறங்கும்?

மாணவர்களே! இவ்வினாவிற்குச் சோதனை செய்யுமுன் நாம் காரணத்தோடு கூறும் விடையே கருதுகோள் எனப்படும். புகையைக் கண்டு நெருப்பு உண்டென உணர்வதைக் கருதலளவை என்றனர் நம் முன்னோர். அங்ஙனம் கருதியதைச் சோதித்தறியத்தக்க கூற்றாக அமைத்தல் வேண்டும்.

‘மணல் நல்லது’ என எழுதுதல் கருதுகோள் ஆகாது. நன்மையை எவ்வாறு அளப்பது? ‘ஒரே அளவுள்ள இரு கலங்களில் வண்டலையும் மணலையும் சம அளவு இட்டுச் சம அளவு நீர் ஊற்றினால், மணலில் நீர் விரைந்து இறங்கும், ஏனெனில், மணற்பருக்கைகளின் இடைவெளி பெரிது’ என எழுதுக. இதில் நாம் மாற்றுவது மண்; அளப்பது நேரம்; கலமும் நீரின் அளவும் மாறா. காரணமும் விளங்குகிறது. பொய்யெனத் தெரிந்துகொள்ளவும் இக்கூற்று இடந்தருகிறது.

மெரினாவை நோக்கி நிற்கும் மாநிலக் கல்லூரியில் பயின்றவர் சர் சி. வி. இராமன். கடல் நீலமாகத் தோன்றுவது வானின் பிரதிபலிப்பாலே என்று இராலே பெருமகனார் கருதியிருந்தார். 1921-ஆம் ஆண்டு கப்பற்பயணத்தில் இராமன், நீரே ஒளியைச் சிதறச் செய்து நீலம் காட்டுகிறது எனக் கருதினார். நிக்கல் பட்டகத்தின் வாயிலாகப் பிரதிபலித்த ஒளியை நீக்கி நோக்கினார். நீலம் மறையவில்லை. ஒளிச்சிதறல் பற்றிய அவரது தொடர்ந்த ஆராய்ச்சி, 1928-இல் இராமன் விளைவைக் கண்டறியச் செய்து, 1930-இல் நோபல் பரிசையும் ஈட்டித் தந்தது.

கருதியது பொய்த்தால் என் செய்வது? காய்ந்து வெடித்த வண்டலைக் குலைக்காமல் இட்டால், பிளவுகளின் வழியே நீர் கடிது இறங்குதலும் கூடும். அப்பொழுது முன்னர் எழுதியதை அழித்து, விளைவுக்கு இயையத் திருத்தி எழுதுபவன் மதிப்பெண் பெறலாம்; ஆனால், வெடிப்பைக் காணத் தவறுவான். எழுதியதை அவ்வாறே விட்டு, ‘ஏன் பொய்த்தது?’ என வினவுபவனே வெடிப்பைக் காண்பான். அடுத்த கருதுகோளையும் அடைவான்.

கருதுகோள் பிழைபடுதல் இழுக்கன்று. பிழையை மறைத்தலே இழுக்கு.